ஜப்பானில் அயலவர் வாழ்வும் ஆறடி நிலமும்

அயலவரை ஒரு நாடு எவ்வாறு நடத்திற்று என்பதை அறிய விழைவோர் அந்நாட்டின் சட்ட நூல்களைப் புரட்டிப் பார்ப்பது வழக்கம். ஆயின், சட்ட நூல்கள் சொல்லாமல் விடும் செய்திகளை மூன்று இடங்கள் சொல்லிவிடும். அயலவன் உழைத்த இடம் ஒன்று. அவன் குடியிருந்த வீடு மற்றொன்று. அவனை அடக்கம் செய்த மண் மூன்றாவது. ஜப்பானின் வரலாற்றை இம்மூன்று இடங்களிலிருந்தும் நோக்கும்போது ஓர் உண்மை புலப்படுகிறது. உழைப்பிற்கு அந்நாடு பலமுறை கதவைத் திறந்திருக்கிறது. வீட்டிற்கு அரைமனத்தோடு திறந்திருக்கிறது. மண்ணறைக்கோ அரசாங்கத்தைவிட அண்டை அயலாரும் ஆலயத்தாருமே இடம் தந்திருக்கின்றனர்.

2024-ஆம் ஆண்டின் இறுதியில் ஜப்பானில் வாழ்ந்த அயல்நாட்டினரின் தொகை 37 இலட்சத்தைத் தாண்டியது. அவர்களுள் தமிழ் பேசுவோரும் உள்ளனர். கணிப்பொறித் துறையிலும், ஆய்வுக்கூடங்களிலும், தொழிற்சாலைகளிலும் பணியாற்ற நம் பிள்ளைகள் அங்குச் செல்லும் காலம் இது. ஆதலின், அவர்களுக்கு முன் அம்மண்ணில் வாழ்ந்தோரின் கதையை நாம் அறிந்திருத்தல் நன்று.

விசிறி வடிவத் தீவு

பதினேழாம் நூற்றாண்டில் தோக்குகாவா ஆட்சியாளர்கள் ஜப்பானின் வாயில்களை அடைத்தனர். நாகசாகித் துறைமுகத்தில் 1636-இல் விசிறி வடிவில் ஒரு செயற்கைத் தீவு அமைக்கப்பட்டது. தெஜிமா என்பது அதன் பெயர். போர்த்துக்கீசியருக்காக அமைக்கப்பட்ட அத்தீவில், அவர்கள் வெளியேற்றப்பட்ட பின்னர், 1641 முதல் டச்சு வணிகர்கள் குடியமர்த்தப்பட்டனர். இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக ஐரோப்பியர் தங்குவதற்கு ஜப்பானில் அனுமதிக்கப்பட்ட ஒரே இடம் அதுவே. ஒரு பாலமும் அதற்கொரு காவலும் தீவை ஊரிலிருந்து பிரித்தன. அனுமதியின்றி எவரும் பாலத்தைக் கடக்க முடியாது.

வணிகம் வேண்டும், வணிகனின் குடும்பம் வேண்டாம். இதுவே அக்காலத்து நெறி. 1817-இல் தெஜிமாவின் தலைவராகப் பொறுப்பேற்க வந்த புளோம்ஹோப் என்பவர் தம் மனைவியையும் கைக்குழந்தையையும் உடன் அழைத்து வந்தார். அதிகாரிகள் இசையவில்லை. அவ்வாண்டு இறுதியிலேயே தாயும் சேயும் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டனர். நாகசாகி மக்களுக்கு அக்குடும்பம் பெரும் வியப்பாக இருந்தது. ஓவியர்கள் அவர்களை வரைந்து தள்ளினர். படத்தில் இடம்பெற்ற அக்குடும்பத்திற்கு ஊரில் இடமில்லாமற் போயிற்று.

ஆயினும் அந்நாகசாகியிலேயே கோஷின்ஜி என்னும் பௌத்த ஆலயத்தின் நிலத்தில் டச்சுக்காரர்களின் கல்லறைகள் இன்றும் உள்ளன. சீனர்களும் ரஷ்யர்களும்கூட அங்கே அடங்கியுள்ளனர். உயிரோடிருந்தபோது தீவுக்குள் அடைபட்டுக் கிடந்தவனுக்கு, இறந்தபின் வேற்றுச் சமயத்தாரின் ஆலயம் ஆறடி நிலம் ஈந்தது. இச்செய்தியை வாசகர்கள் நினைவில் இருத்த வேண்டுகிறேன். மேலும் சில இடங்களில் இதே காட்சியை நாம் காணப்போகிறோம்.

கூலிக்கு அமர்த்தப்பட்ட ஆசான்கள்

1853-இல் அமெரிக்கக் கடற்படைத் தளபதி பெர்ரியின் கப்பல்கள் வந்தன. 1858-இல் உடன்படிக்கைகள் கையெழுத்தாயின. 1859-இல் யோகோஹாமாவும், 1868-இன் முதல் நாளில் கோபேயும் அயலவருக்குத் திறக்கப்பட்டன. எனினும் அவர்கள் துறைமுகக் குடியிருப்புகளிலேயே வாழ வேண்டும். சிறப்பு அனுமதியின்றிப் பத்து 'ரி' தொலைவுக்கு அப்பால், அதாவது ஏறத்தாழ 40 கிலோமீட்டருக்கு அப்பால் செல்லலாகாது.

மெய்ஜி அரசு நாட்டைப் புதுப்பிக்க முனைந்தபோது, இரயில்பாதை அமைக்கவும், பொறியியல் கற்பிக்கவும், மருத்துவம் பயிற்றவும் அயல்நாட்டு அறிஞர்களைப் பெரும் ஊதியத்திற்கு அமர்த்தியது. ஒப்பந்தக் காலம் முடிந்ததும் அவர்கள் விடைபெற வேண்டும். அவர்களிடம் பயின்ற ஜப்பானியர் அப்பதவிகளில் அமர்வர். ஆங்கிலேயப் பொறியாளர் எட்மண்ட் மொரெல் ஜப்பானின் முதல் இரயில்பாதைப் பணிக்குத் தலைமை தாங்கினார். 1872-இல் அப்பாதை திறக்கப்பட்டபோது அவர் உயிருடன் இல்லை. முந்தைய ஆண்டே நோயுற்று மறைந்து, யோகோஹாமாவின் அயலவர் கல்லறைத் தோட்டத்தில் அடங்கிவிட்டார்.

தங்கிவிட விரும்பியவர்களுள் புகழ் பெற்றவர் லப்காடியோ ஹெர்ன். கிரேக்கத் தீவொன்றில் 1850-இல் பிறந்த இவ்வெழுத்தாளர் 1890-இல் ஜப்பான் வந்து, மட்சுயே நகரில் ஆங்கில ஆசிரியரானார். ஜப்பானியப் பெண்மணியை மணந்தார். 1896-இல் ஜப்பானியக் குடியுரிமை பெற்று, மனைவியின் குடும்பப் பெயரை ஏற்றுக் கொய்சுமி யாகுமோ ஆனார். டோக்கியோ ஏகாதிபத்தியப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியப் பணியும் கிடைத்தது. ஆனால் 1903-இல் அப்பணி முடிவுற்றது. அவ்விடத்தில் அமர்ந்தவர்களுள் ஒருவர் பின்னாளில் பெரும் நாவலாசிரியராக விளங்கிய நட்சுமே சோசேக்கி. பெயரை மாற்றியும், குடியுரிமை பெற்றும், வீட்டு மொழியாக ஜப்பானியத்தைக் கொண்டும் வாழ்ந்த ஒருவருக்கும் பணி நிலைக்கவில்லை.

1899-இல் துறைமுகக் குடியிருப்பு முறை ஒழிந்தது. நாட்டின் எப்பகுதியிலும் அயலவர் வாழலாம் என்றாயிற்று. அதே ஆண்டில் பிறந்த ஓர் அரசாணையோ, அயல்நாட்டுக் கூலித் தொழிலாளர் அனுமதியின்றிப் பழைய குடியிருப்புகளுக்கு வெளியே தங்கி உழைப்பதைத் தடுத்தது. சீனத் தொழிலாளரை மனத்திற்கொண்டு இயற்றப்பட்டது அது. ஒரு கை திறந்த கதவை மறு கை பாதி சாத்தியது எனலாம்.

போபாலிலிருந்து ஒரு பேராசிரியர்

இந்திய முஸ்லிம்களின் ஜப்பானியத் தொடர்பில் முதலிடம் பெறும் பெயர் மவ்லவி பரக்கத்துல்லாஹ். போபாலைச் சேர்ந்த இவ்விடுதலை வீரர் 1909-இல் டோக்கியோ அயல்மொழிக் கல்லூரியில் உருது ஆசிரியரானார். கல்லூரிப் பணிக்கிடையே 1910-இல் 'இஸ்லாமிக் ஃபிரட்டர்னிட்டி' என்னும் ஆங்கிலத் திங்களிதழைத் தொடங்கினார். ஜப்பானியர் சிலர் அவர் வாயிலாக இஸ்லாத்தைத் தழுவினர். அவர்களுள் ஹதானோ என்பவர் இதழ்ப் பணியிலும் துணை நின்றார்.

ஆனால் இதழில் பிரிட்டிஷ் ஏகாதிபத்தியத்திற்கு எதிரான குரல் ஒலித்தது. பிரிட்டன் அன்று ஜப்பானின் நட்பு நாடு. அதன் வற்புறுத்தலால் 1912-இல் இதழ் தடைப்பட்டது; 1914-இல் ஆசிரியப் பணியும் பறிபோயிற்று. மவ்லவி அமெரிக்கா சென்றார். அடுத்த ஆண்டு காபூலில் அமைந்த தற்காலிக இந்திய அரசில் பிரதமராக விளங்கினார். 1927-இல் கலிபோர்னியாவில் காலமாகி அங்கேயே அடக்கமானார். வகுப்பறையில் இருக்கும்வரை அயலவன் வரவேற்கப்படுவான், தன் கருத்தை உரக்கச் சொன்னால் விருந்தினன் என்னும் நிலை மாறிவிடும் என்பதற்கு அவர் வாழ்வு சான்று.

கோபேயின் பள்ளிவாசல்

இந்திய வணிகர்கள், சிறப்பாகச் சிந்திகள், பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே யோகோஹாமாவில் கடை விரித்திருந்தனர். பட்டும் துணியும் வாங்கி உலகெங்கும் அனுப்பினர். 1923 செப்டம்பர் முதல் நாள் நேர்ந்த பெரு நிலநடுக்கத்தில் அந்நகரம் அழிந்தபோது பலர் கோபேக்கு இடம்பெயர்ந்தனர். யோகோஹாமா நகரத்தார் அன்று செய்த உதவியை மறவாத இந்தியர்கள், பின்னர் 1930-களில் அந்நகரின் யாமாஷித்தா பூங்காவில் குடிநீர் ஊற்று மண்டபம் ஒன்றைக் கட்டிக் கொடுத்தனர். இன்றும் அது நிற்கிறது.

இதே காலத்தில் வேறொரு கூட்டத்தாரும் வந்து சேர்ந்தனர். ரஷ்யப் புரட்சிக்குப் பின் நாடிழந்து, மஞ்சூரியா வழியாக வந்த தாத்தாரிய முஸ்லிம்கள் அவர்கள். கடை வைக்க முதலில்லாத அவர்களுள் பலர் கம்பளித் துணி மூட்டையைத் தோளில் சுமந்து வீடு வீடாகச் சென்று விற்றனர். ஆயினும் டோக்கியோவில் 1927-இல் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கண்டனர். அரபு எழுத்து அச்சுக்கூடம் நிறுவினர். 1934-இல் திருக்குர்ஆனையே அச்சிட்டு வெளியிட்டனர். மூட்டை சுமந்தோர் செய்த பணி இது!

கோபேயில் இந்திய வணிகரும் தாத்தாரியரும் பிறநாட்டு முஸ்லிம்களும் கூடிப் பொருள் திரட்டினர். 1935-இல் ஜப்பானின் முதற் பள்ளிவாசல் அங்கே எழுந்தது. அதை வரைந்து அமைத்தவர் செக் நாட்டுச் சிற்பி யான் ஷ்வாகர். அவரும் ஜப்பானில் பிழைக்க வந்த அயலவரே. 1938-இல் டோக்கியோப் பள்ளிவாசல் திறக்கப்பட்டது. தாத்தாரிய அறிஞர் அப்துர் ரஷீத் இப்ராஹீம் அங்கு இமாமாகப் பணிபுரிந்து 1944-இல் காலமாகி, டோக்கியோவின் தாமா மையவாடியில் அடக்கமானார்.

போர்க்காலத்தில் கோபேப் பள்ளிவாசலைக் கடற்படை கைப்பற்றியது. 1945-இல் விமானக் குண்டுகள் நகரை எரித்தன, பள்ளிவாசல் நின்றது. 1995 ஜனவரி 17-இல் நிலம் அதிர்ந்து ஆறாயிரத்திற்கு மேற்பட்டோர் மாண்டனர். அப்போதும் அது நின்றது. டோக்கியோப் பள்ளிவாசலோ பழுதுற்று 1986-இல் இடிக்கப்பட்டு, துருக்கியரின் முயற்சியால் 2000-இல் மீண்டும் எழுந்தது. நாடிழந்த தாத்தாரியருக்கு 1953-இல் குடியுரிமை வழங்கியதும் துருக்கியே.

ஹிரோஷிமாவில் மலாயா மாணவர்கள்

மலாயாவோடு உறவுடைய தமிழ் முஸ்லிம் குடும்பங்கள் பல. அவர்கள் அறியவேண்டிய செய்தி ஒன்று உண்டு. தென்கிழக்காசியாவைக் கைப்பற்றிய ஜப்பான் 1943, 1944 ஆகிய ஆண்டுகளில் அந்நாடுகளிலிருந்து ஏறத்தாழ இருநூறு இளைஞர்களைப் படிப்பிற்காக அழைத்துச் சென்றது. அவர்களுள் சிலர் ஹிரோஷிமாவில் பயின்றனர்.

1945 ஆகஸ்ட் 6-ஆம் நாள் காலை அணுகுண்டு வீழ்ந்தபோது அவர்களும் அந்நகரில் இருந்தனர். தப்பியவர்கள் பல்கலைக்கழக வளாகத்தில் ஜப்பானியரோடு ஒன்றாகத் தங்கி, காயமுற்றோருக்குத் தம்மால் இயன்ற உதவி புரிந்தனர். கிளந்தானைச் சேர்ந்த நிக் யூசுப் மாண்டார். ஜோகூரைச் சேர்ந்த சையித் உமர் டோக்கியோவை நோக்கிப் புறப்பட்டு, வழியில் நிலை மோசமாகி, கியோட்டோ மருத்துவமனையில் செப்டம்பரில் உயிர்நீத்தார். அப்போது அவர் வயது பத்தொன்பது. தப்பிப் பிழைத்த அப்துல் ரஸாக் தாயகம் திரும்பி, மலேசிய இளைஞர்களுக்கு ஜப்பானிய மொழி கற்பிக்கும் ஆசிரியரானார்.

நிக் யூசுபின் கல்லறை ஹிரோஷிமாவை அடுத்த இட்சுகைச்சியில் ஒரு பௌத்த ஆலயத்தில் உள்ளது. சையித் உமரின் கல்லறை கியோட்டோவின் என்கோஜி என்னும் பௌத்த ஆலயத்தில், 1961-இல், உள்ளூர் ஜப்பானியர் ஒருவரின் முயற்சியால் இஸ்லாமிய முறைப்படி எழுப்பப்பட்டது. பெற்ற தாய் அருகில் இல்லை, உறவினர் இல்லை, வேற்றுச் சமயத்தார் அவ்விளைஞரின் நினைவைக் காத்து வருகின்றனர். கோஷின்ஜியில் கண்ட காட்சி மீண்டும் இங்கே தோன்றுகிறது.

கைரேகையும் பதிவுச் சீட்டும்

போருக்குப் பின் அயலவர் பதிவு முறை வந்தது. 1952-ஆம் ஆண்டுச் சட்டம் அயலவர் ஒவ்வொருவரும் பதிவுச் சீட்டைச் சுமக்கவும், கைரேகை பதிக்கவும் கட்டளையிட்டது. ஜப்பானிலேயே பிறந்து, ஜப்பானியம் தவிர வேறு மொழி அறியாத கொரிய வம்சத்தாரும் அதற்கு விலக்கல்லர். குற்றவாளியைப் போல் விரலை மையில் தோய்க்கும் இழிவைப் பொறாமல் 1980-களில் பலர் மறுத்தனர், வழக்குகளைச் சந்தித்தனர். நிரந்தர வாசிகளுக்கு 1993-லும், மற்றவர்க்கு 2000-லும் அக்கட்டாயம் நீங்கியது. ஆயின் 2007 முதல், நாட்டிற்குள் நுழையும் அயலவர் பெரும்பாலோரிடம் கைரேகை பெறப்படுகிறது. பழைய பதிவு முறை 2012-இல் ஒழிந்து, இன்றைய குடியிருப்பு அட்டை வந்தது.

2010-இல் வேறோர் அதிர்ச்சி. டோக்கியோவில் முஸ்லிம்களைக் காவல்துறை கண்காணித்துத் தொகுத்த ஆவணங்கள் வெளியில் கசிந்தன. பாதிக்கப்பட்டோர் வழக்குத் தொடுத்தனர். கசிந்ததற்கு இழப்பீடு தரப்பட்டது. கண்காணித்தது தவறென்று நீதிமன்றம் கூறவில்லை.

ஆலையும் அடுக்களையும்

1980-களில் ஜப்பானின் பொருளாதாரம் பொங்கிப் பெருகியது. கடின வேலைகளுக்கு ஆள் கிடைக்கவில்லை. அழுக்கான, கடினமான, ஆபத்தான அவ்வேலைகளை ஜப்பானியர் 'மூன்று கே' என்பர். மூன்று சொற்களும் அம்மொழியில் 'கி' என்ற எழுத்தில் தொடங்குவன. பாகிஸ்தான், வங்காளதேசம், ஈரான் ஆகிய நாடுகளின் இளைஞர்கள் விசா இன்றி வரும் வசதியைப் பயன்படுத்தி வந்து உருக்காலைகளிலும் கட்டடப் பணிகளிலும் உழைத்தனர். 1989-இல் முதலிரு நாட்டாருக்கும், 1992-இல் ஈரானியருக்கும் அவ்வசதி நிறுத்தப்பட்டது. எஞ்சியோருள் சிலர் ஜப்பானியப் பெண்களை மணந்தனர். பழைய மோட்டார் வண்டிகளை ஏற்றுமதி செய்தனர். ஹலால் இறைச்சிக் கடை வைத்தனர். பழைய அலுவலகங்களையும் கடைகளையும் வாங்கித் தொழும் இடமாக்கினர். இன்று அந்நாட்டில் பள்ளிவாசல்கள் நூற்றுக்கு மேல்.

அன்றாட வாழ்வின் இடர்கள் சிறியன போல் தோன்றினும் கூடிச் சேர்ந்து பெரியனவாகும். மிரின் என்னும் இனிப்பு அரிசி மது குழம்பிலும் சாற்றிலும் கலந்திருக்கும். பன்றிக் கொழுப்பு ரொட்டியிலும் இருக்கக்கூடும். பொட்டலத்தின் பின்புறத்தைப் படிக்கச் சீன எழுத்துகள் தெரியவேண்டும்; நாளேடு படிக்கத் தேவையென அரசு வகுத்தவை 2,136. வினைச்சொல் இறுதியில் நிற்பதும், உருபுகள் பெயரின் பின்னே ஒட்டுவதும் தமிழருக்குப் பேச்சை எளிதாக்கும். எழுத்தோ எவருக்கும் எளிதன்று. பள்ளியில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே உணவை ஒன்றாக உண்பர். நம் பிள்ளை மட்டும் வீட்டிலிருந்து பெட்டியில் சோறு கொண்டு செல்லும். அதை ஏன் என்று ஆசிரியருக்கும் தோழருக்கும் பணிவோடு விளக்கும் பொறுப்பு தாய்க்கு உண்டு.

வீடு கிடைப்பது அதனினும் கடினம். முன்பணம் தரவேண்டும், வீட்டுக்காரருக்குத் திரும்பி வராத அன்பளிப்புப் பணமும் பல இடங்களில் தரவேண்டும், பிணை நிற்க ஆள் வேண்டும். நீதித்துறை அமைச்சகம் 2017-இல் வெளியிட்ட ஆய்வில், வீடு தேடிய அயலவருள் பத்தில் ஏறத்தாழ நால்வர் அயலவர் என்ற காரணத்தாலேயே மறுக்கப்பட்டதாகக் கூறினர். வீடு கிடைத்தபின் குப்பையை வகை பிரித்து, குறித்த நாளில், குறித்த இடத்தில் வைக்கவேண்டும். அண்டை வீட்டார் அயலவனை எடைபோடும் முதல் தராசு அதுவே என்றால் மிகையாகாது. அத்தராசில் நேராக நின்றவர்களுக்கு அவ்வண்டை வீட்டாரே பின்னர் உற்ற துணையாயினர் என்பதும் உண்மை.

ஆறடி நிலம்

இனி, இறுதிக் கேள்விக்கு வருவோம். ஜப்பானில் இறப்போருள் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கும் மேலானோர் இன்று எரியூட்டப்படுகின்றனர். இது தொன்றுதொட்ட மரபன்று. 1873-இல் மெய்ஜி அரசு எரியூட்டலைத் தடையே செய்தது. 1875-இல் அத்தடையை விலக்கிக் கொண்டது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலும் நாட்டுப்புறங்களில் அடக்கம் செய்தல் வழக்கிலிருந்தது. 1948-ஆம் ஆண்டின் மயானச் சட்டமும் அடக்கம் செய்வதைத் தடுக்கவில்லை. உரிய அனுமதி பெறவேண்டும் என்றே கூறுகிறது. அனுமதி தரவேண்டியது உள்ளூர் ஆட்சி. உள்ளூர் ஆட்சி செவிசாய்ப்பது உள்ளூர் மக்களுக்கு.

முஸ்லிம்கள் அடக்கம் செய்யத்தக்க மையவாடிகள் அங்கு மிகச் சிலவே. அவற்றுள் பெயர் பெற்றது யாமானாஷி மாநிலத்து என்சானில் உள்ளது. அதற்கு நிலம் தந்ததும் ஒரு பௌத்த ஆலயம், மொஞ்சுயின், என்று அறியும்போது நெஞ்சம் நெகிழ்கிறது.

கியூஷூ தீவில் பெப்பு நகரில் 2000-இல் தொடங்கிய பல்கலைக்கழகம் பல நாட்டு மாணவரை ஈர்த்தது. அங்குள்ள முஸ்லிம்கள் அருகிலுள்ள ஹிஜி என்னும் சிற்றூரில் மையவாடி அமைக்க முனைந்தனர். நிலத்தடி நீர் கெடும் என்று ஊரார் சிலர் அஞ்சினர். கத்தோலிக்கத் துறவியரின் அடக்கத்தலம் அங்கு முன்பே இருந்தது. துறவியர் முஸ்லிம்களுக்கு ஆதரவாக நின்றனர். நீண்ட பேச்சுக்குப் பின் 2023-இல் உடன்பாடு ஏற்பட்டது. ஆயின் 2024 ஆகஸ்டில் நடந்த ஊர்த் தலைவர் தேர்தலில், ஊருக்குச் சொந்தமான நிலத்தை இதற்கு விற்க எதிர்ப்புத் தெரிவித்தவர் வென்றார். முயற்சி தடைப்பட்டது. மியாகி மாநிலத்தில் ஆளுநர் எண்ணிய இத்தகைய திட்டமும் எதிர்ப்பினால் 2025-இல் கைவிடப்பட்டது. கியூஷூவில் உற்றாரை இழப்பவர், மையித்தைச் சுமந்துகொண்டு தொலைதூர மாநிலத்திற்குச் செல்லவேண்டிய நிலை நீடிக்கிறது.

இதனைக் கொண்டு ஜப்பானியரைக் குறைகூறி முடித்துவிடுவது எளிது, அது நேர்மையாகாது. நானூறு ஆண்டு வரலாற்றில் தடை போட்டவரும் ஜப்பானியர். நிலம் தந்தவரும் ஜப்பானியர். தந்தவர்கள் எவரும் சட்டம் கட்டாயப்படுத்தித் தந்தவரல்லர். இறந்தவனை அல்லது அவன் உற்றாரை மனிதராக அறிந்து தந்தவர்கள். மூட்டை சுமந்து வீடு வீடாகச் சென்ற தாத்தாரியனும், நன்றிக்கு நீரூற்றுக் கட்டிய வணிகனும், குண்டு வீழ்ந்த நகரில் காயம்பட்டோர் அருகில் நின்ற மாணவனும் அந்த அறிமுகத்தைத் தம் நடத்தையால் தேடிக்கொண்டனர்.

அங்குச் செல்லும் நம் பிள்ளைகள் ஊதியத்தையும் ஒப்பந்தத்தையும் ஆராய்ந்தறிவர், அதில் ஐயமில்லை. அதனோடு, குடியேறும் தெருவில் உள்ளவர்களின் பெயர்களையும் அவர்கள் அறிந்துகொள்ளட்டும். மொழியைக் கற்கட்டும், ஊர்க் கூட்டத்திற்கு அழைத்தால் செல்லட்டும், பண்டிகை நாளில் பக்கத்து வீட்டிற்கு ஒரு தட்டு பலகாரம் அனுப்பட்டும். ஹிஜியில் தடைப்பட்ட முயற்சி வேறோர் ஊரில் என்றேனும் கைகூடுமாயின், அதற்கு இசைவு தரப்போகிறவர்கள் அந்தத் தெருவார்தாம்.